காஞ்சிபுரத்தில் ஒரு ஜெர்மன் தீயணைப்பு வண்டி

காஞ்சிபுரத்துக்கு நான் போனது புடவை வாங்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனைவி இதைப் படிப்பாள்.

பினாங்கில் தீயணைப்புப் படையில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். மலாய்க்காரர்கள் எங்களை 'பொம்பா' என்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், மூத்த மகள் மல்லிகாவின் கல்யாணத்துக்காக விடுப்பு எடுத்தேன். கல்யாணம் ஆவணிக் கடைசியில். கூறைப்புடவை தன் பிறந்த ஊரிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் அரக்கு நிறத்தில்தான் வர வேண்டும் என்பது என் மனைவியின் தீர்மானம். பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அவளுடைய பெரியப்பா மகன் ஏகாம்பரத்துக்குக் கடிதம் முன்பே போய்விட்டது. நான் போய், இரண்டு வாரம் தங்கி, நெய்து முடித்ததை வாங்கிக்கொண்டு கப்பலேற வேண்டும். இதில் தப்பு செய்ய இடமே இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

சென்னைத் துறைமுகத்தில் சுங்கக்காரர் என் பெட்டியில் இருந்த எதையும் சட்டை செய்யவில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோவை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை என் பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில் எழுதி முத்திரை குத்தினார். திரும்பும்போது இதுவும் கூடவே வர வேண்டும், இங்கே விற்கக் கூடாது என்றார். விற்கிற உத்தேசம் இல்லை என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் முன்பக்கம் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி, ஒவ்வொரு சீட்டாக வந்து பயணிகளின் கூஜாக்களை வாங்கினார். யாரும் மறுக்கவில்லை. குடிக்கிற தண்ணீரையெல்லாம் ரேடியேட்டர் குடித்தது. பினாங்கில் இப்படிக் கேட்டால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் எந்த ஊர் என்று கேட்டாள். பினாங்கு என்றேன்.

"அது திண்டிவனம் தாண்டியா?"

ஆமாம், கொஞ்சம் தாண்டி என்றேன்.

பஸ் நிலையத்திலிருந்து ஜட்காவில் போகும்போது சர்வதீர்த்தக் குளக்கரையில் அதைப் பார்த்தேன். சிவப்பு வேன். நம் ஊர் தீயணைப்பு லாரியில் பாதி உயரம், பாதி அகலம். கூரையில் மர ஏணி, அதற்கு முன்னால் நீல விளக்கு, கதவில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஜெர்மன் வார்த்தை. ஏணிப் படிகளில் இரண்டு பனியனும் ஒரு லுங்கியும் காய்ந்துகொண்டிருந்தன. வண்டிக்குப் பின்னால் தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் ஸ்டவ்வில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் ஓர் அட்டை தொங்கியது. மேலே ஆங்கிலம். கீழே, டீக்கடைக்காரர் யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், 'இந்த வண்டி விலைக்கு. நன்றாக ஓடும்.'

விடுப்பில் இருக்கும்போது தீயணைப்பு வண்டிகளைப் பார்ப்பதில்லை என்பது என் கொள்கை. ஜட்காவை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு சுற்று சுற்றி வந்தேன். குதிரைக்காரர், "அய்ய, புடவை எடுக்க வந்தவங்க மாதிரி தெரியலியே" என்றார்.

ஏகாம்பரம் வீட்டில் எனக்காக மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட காஞ்சிபுரம் இட்லி காத்திருந்தது. பினாங்கில் நாங்கள் இட்லி என்று சாப்பிடுவதைப் பற்றி அதற்குப் பிறகு நான் பெருமையாகப் பேசியதில்லை. ஏகாம்பரம் ஐம்பது வயதுக்காரர், ஆறு தறிகளுக்கு வேலை கொடுக்கிறவர், தெருவின் பெரிய மனிதர். நான் கை கழுவி முடிக்கும் வரைகூட அவருக்குப் பொறுமை இல்லை.

"மாப்பிள, சரியான நேரத்துல வந்தீங்க. கொளத்தாண்ட ஒரு ஜெர்மன் வண்டி நிக்குது பாத்தீங்களா? அத்த நம்ம தெரு வாங்கப் போவுது."

"தெருவுக்கு எதுக்கு மச்சான் தீயணைப்பு வண்டி?"

அவர் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்பு, சித்திரையில், ஒரு சாய அடுப்பிலிருந்து கிளம்பிய பொறி கன்னியப்பன் என்பவரின் ஓலைக் கூரையில் விழுந்தது. நகரத்து வண்டி நேரத்துக்குத்தான் வந்தது. ஆனால் அவர் வீட்டுச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். வண்டி சந்து முனையில் நின்றது. ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் கூரை கூரையாகத் தாவி எட்டு வீடுகள் போய்விட்டன. கன்னியப்பனின் மனைவி முனியம்மா, முடியப் போகிற புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்க உள்ளே ஓடினாள். புடவை வந்தது. வலது கை வெந்துவிட்டது.

"இப்ப ஆடிக் காத்து. ஒரு பொறி பறந்தா போதும். அந்த வண்டி சின்னது, சந்துல பூந்துரும். தொழில் தெரிஞ்சவர் நீங்க. ஒரு தபா பாத்து சரின்னு சொல்லிட்டீங்கன்னா வாங்கிடலாம்."

என் புடவை? அதற்கென்ன, அரக்குப் பாவு கன்னியப்பன் தறியில்தான் ஏற்றியிருக்கிறது என்றார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். மூன்று புடவை நீளத்துக்கு ஒரே பாவு. முதலாவது என் மகளுக்கு. மற்ற இரண்டு என் மனைவிக்கும் சம்பந்தியம்மாளுக்கும், பின்னால் ஆள் மூலம் வரும்.

இரண்டாம் நாள் காலை வெளியே வந்தால் தெருவைக் காணவில்லை. முழங்கால் உயரத்தில் மூங்கில் கவைகளின் மேல், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பச்சைப் பட்டு நூல் விரித்திருந்தது. இரண்டு பேர் அதில் கஞ்சி தடவிக்கொண்டு போனார்கள். எதிர்ச் சாரிக்குப் போக நான் காலைத் தூக்கினேன்.

"தாண்டாதீங்க!"

ஒரே குரலாகத் தெரு முழுவதும் கத்தியது. மாடியிலிருந்து ஒரு பெண்கூடக் கத்தினாள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றேன். பாவைத் தாண்டக் கூடாதாம். முனைவரை நடந்து சுற்றித்தான் வர வேண்டும். கோர்ட்டு அமீனாவே சுற்றித்தான் வருவார் என்று ஏகாம்பரம் ஆறுதல் சொன்னார்.

சுற்றிக்கொண்டு கன்னியப்பன் வீட்டுக்குப் போனோம். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, அதிகம் பேசாதவர். கூரைக்குப் புது ஓலை போட்டிருந்தார்கள். சுவரின் மேல்பாதி இன்னும் கரியாக இருந்தது. தறிக் குழியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். தறியில் அரக்கு நூல் அடர்த்தியாக இழுத்துக் கட்டியிருந்தது. மல்லிகாவுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கும்.

முனியம்மா மோர் கொண்டுவந்தாள். இடது கையால் கொடுத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க சார், அந்தக் கையி புடிக்காது" என்றாள். வலது கையின் நடு விரல்கள் மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. கூறைப்புடவையின் கரைக்குத் தனி நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை, உண்டு. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து தள்ள இன்னொருவர் வேண்டும். பதினாறு வருடமாக அந்த இன்னொருவர் அவள்தான். இப்போது ஏகாம்பரம் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தொழில் முறையில் தீக்காயங்கள் பழக்கம். ஆனாலும் மோரை நின்றபடியே குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அங்கிருந்து கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போனோம். வேன்காரனின் பெயர் ஹெல்முட். தெருவில் எல்முட்டு. இருபத்தாறு வயது. அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம் என்பதால் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. கதவில் எழுதியிருப்பது 'தீயணைப்புப் படை' என்றான். அவனுடைய கிராமத்தில் சம்பளத்துக்குத் தீயணைப்பவர்கள் கிடையாதாம். ரொட்டிக் கடைக்காரர் வண்டி ஓட்டுவார், பள்ளிக்கூட வாத்தியார் குழாய் பிடிப்பார், மற்றவர்கள் எது கையில் கிடைக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். புது வண்டி வந்ததும் பழையதை இவனுக்கு விற்றுவிட்டார்கள்.

"இந்த வண்டி பதினைந்து வருடத்தில் மூன்று தீயை அணைத்தது," என்றான். "நாற்பது கல்யாணத்துக்குப் பீர் பீப்பாய் ஏற்றிப் போனது."

சம்பளமில்லாமல் தீயணைப்பதைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. ஏகாம்பரத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்கு அதில் வியப்பே இல்லை. தேர் இழுக்க யாருக்காவது சம்பளம் கொடுக்கிறோமா என்றார்.

துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான் வழியாக ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறான். கையில் காசு தீர்ந்துவிட்டது. வண்டியை விற்றுவிட்டு விமானத்தில் போகலாம் என்று யோசனை. எனக்கு என் ரேடியோ ஞாபகம் வந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினான். ஒரு முழுப் பக்கத்துக்கு அவனுடைய வண்டி, என்ஜின் நம்பர் உட்பட, எழுதி முத்திரை குத்தியிருந்தது. வண்டி இல்லாமல் இந்த ஆசாமி நாட்டைவிட்டு வெளியேற முடியாது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை என்று டெல்லியில் யாரோ இவனிடம் சொன்னார்களாம். பெரிய விஷயம்தான் என்றேன்.

ஹெல்முட் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் தெருவுக்கு ஒரு வண்டி வந்து போய்விட்டது. நாங்கள் கிளம்பத் திரும்பியபோது, அதுவரை வாய் திறக்காமல் எங்களோடு வந்திருந்த கன்னியப்பன் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உள்ள ஒரு மெசின் இருக்குதே, அது இன்னா?"

படுக்கைக்கு அடியில், பாத்திரங்களுக்கும் வெங்காய மூட்டைக்கும் பின்னால், அது இருந்தது. நான்கு பக்கமும் கைப்பிடி வைத்த பம்பு. தனி என்ஜின். நான்கு பேர் பல்லக்குபோலத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். சந்துக்குள், கிணற்றடிக்கு, வண்டி போகாத எந்த இடத்துக்கும். என்னிடம் கேட்டால் வேனைவிட இதுதான் அந்தத் தெருவுக்கு வேண்டியது. ஹெல்முட்டின் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன். பம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுங்கக்காரர் வெங்காய மூட்டையைத் தாண்டிப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் கன்னியப்பன் வீட்டுச் சந்தில் உள்ள பொதுக் கிணற்றடியில் பம்பை இறக்கி வைத்தோம். பிடிவாதம் பிடித்தது. ஹெல்முட் பிளக்கைக் கழற்றித் துடைத்தான், நான் பெட்ரோல் குழாயை ஊதினேன், ஏகாம்பரம் ஒரு தேங்காய் உடைத்தார். கிளம்பிவிட்டது. எது காரணம் என்பதில் தெருவில் இரண்டு கருத்து இல்லை. கிணற்றிலிருந்து உறிஞ்சும் ரப்பர் குழாய் நன்றாக இருந்தது. ஆனால் தண்ணீரைக் கொண்டுபோகும் துணிக் குழாய்கள் நான்கையும் விரித்தபோது என் முகம் மாறியது. இரண்டை எலி தின்றிருந்தது. ஒன்று மக்கிப்போயிருந்தது. நான்காவதை அறுத்து ஹெல்முட் தனக்கு ஊஞ்சல் படுக்கை செய்துகொண்டிருந்தான்.

குழாய் இல்லாத பம்பு வெறும் சத்தம்தான் என்றேன். சென்னையில் கேன்வாஸ் குழாய் கிடைக்கும், ஐம்பது அடி வாங்கி, இந்தப் பித்தளைப் பூட்டுகளை முனையில் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

யாரும் கேட்கவில்லை. ஏழெட்டு நெசவாளர்கள் எலி தின்ற குழாயைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். விரலால் நெருடினார்கள். உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஓர் இழையைப் பிரித்து மென்று பார்த்தார்.

"தையலே இல்லபா."

"கொழாயாவே நெய்ஞ்சிக்கிறான்."

"மேல ஒரு பாவு, கீழ ஒரு பாவு. நாடா மேல போயி, கீழ வழியா திரும்பி வருது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? நீ நெய்யி பாக்கலாம்."

ஏகாம்பரம் எழுந்து நின்றார். "மாப்பிள, நெய்யிற ஊர்ல பொறந்துட்டு துணியைப் போயி கடையில வாங்குறதா? சிரிப்பாங்க. இத்த நாங்களே நெய்யிறோம். நூல் எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இருப்பதிலேயே கெட்டியான நூலாக இருக்கட்டும். தண்ணீர் உள்ளே அடித்துத் தள்ளும், மட்டமான நூல் கிழிந்துவிடும்." இவ்வளவுதான் சொன்னேன். இன்னும் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

அடுத்த எட்டு நாட்களும் எனக்கு வேலை இல்லை. ஹெல்முட்டோடு ஊர் சுற்றினேன். கோயில்களைப் பார்த்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவன் ரசத்தை சூப் என்று நினைத்து நான்கு தம்ளர் குடித்தான், சோறு வந்தபோது இடமில்லை என்றான். பரிமாறியவருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. "சோறு துன்னாம எழுந்திருக்க விடமாட்டேன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இலைக்கு எதிரே நின்றுகொண்டார். பினாங்கில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் யாரும் கவலைப்படுவதில்லை. ஹெல்முட் சாப்பிட்டான்.

ஒருநாள் அவனுடைய வேன் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண சத்திரத்து வாசலில் நின்றுவிட்டது. தள்ளுவதற்குப் பதினைந்து பேர் வந்தார்கள். தள்ளி முடித்ததும், நீல விளக்கை ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டான். எல்லாரும் திருப்தியாகக் கலைந்து போனார்கள்.

மாலையில் சந்துப் பக்கம் போனால் கன்னியப்பன் வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்கும். புடவை வளர்கிறது என்று எனக்கு நிம்மதி. உள்ளே போகப் பார்த்தால் முனியம்மா வாசலில் நின்று, "அப்பால வாங்க சார், வேல நடக்குது" என்று சிரித்தாள். குழாயை வேறு யாராவது நெய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கரை வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டுமே, உள்ளே ஒரே ஆளின் சத்தம்தானே கேட்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. மனைவிக்குக் கடிதம் போட்டேன், வேலை மும்முரமாக நடக்கிறது என்று.

பன்னிரண்டாம் நாள் காலை பரீட்சை வைத்தார்கள். பம்பு கிணற்றடியில் தயாராக நின்றது. தண்ணீர் குழாயின் மறுமுனைக்கு வந்தால் பம்பை வாங்குவது, வராவிட்டால் ஹெல்முட் அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று பேச்சு. சந்து நிறைய ஆட்கள். கன்னியப்பன் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, இரண்டு கையிலும் ஒரு பித்தளைத் தாம்பாளம் ஏந்தி வந்தார். அதில் மடித்து வைத்திருந்ததைத் தெருவில் விரித்தார்கள்.

அரக்கு நிறம். வெயிலில் பளபளவென்று ஐம்பது அடி நீளம். இரண்டு முனையிலும், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, விரல் அகலத்துக்கு ஜரிகைகூடப் போட்டிருந்தார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஏகாம்பரத்தைப் பார்த்தேன்.

"மச்சான், இது என்ன?"

"நீங்கதானே சொன்னீங்க, இருக்கிறதுலயே கெட்டி நூல் வேணும்னு. இந்தத் தெருவுல அன்னிக்கு இருந்ததுல கெட்டி நூல் அதுதான். ஊட்டு மாப்பிளைக்குன்னு பாத்துப் பாத்து முறுக்கினது. அகலத்த மட்டும் நெருக்கிக் கட்டிக்கினோம். பாவு நீளமும் சரியா அம்பது அடி."

"அது என் பெண்ணோட கூறைப்புடவை. கல்யாணத்தன்னிக்கு அவள் குழாயையா உடுத்துவாள்?"

கத்திவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் தீயைப் பார்த்துக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். தறியில் பாவு இருந்தது, கரைக்கு ஆள் கிடைக்கவில்லை, குழாய்க்கு ஒரு ஆள் போதும், காற்று நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். எனக்கு வேறு புடவை கடையில் எடுத்துத் தருவதாகத் தெருவில் பேசி முடித்திருந்தார்களாம். என்னிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஹெல்முட் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பம்பைக் கிளப்பினான். குழாய் உயிர் வந்ததுபோல நெளிந்து, உருண்டு பருத்தது. கிழியவில்லை. தையலில்லாத நெசவு அப்படியே தாங்கியது. அடுத்த நிமிடம் அதன் உடம்பு முழுவதும் வியர்த்தது. பிறகு ஒழுகியது. பிறகு ஐம்பது அடியும் ஆயிரம் துளையாகப் பொசிந்து சந்தெல்லாம் தண்ணீரானது. மறுமுனையில் வாத்தியார் ஒருவர் பிடித்திருந்த பித்தளை மூக்கிலிருந்து, கெண்டியில் ஊற்றுவதுபோல ஓர் ஒழுகல் வந்தது.

நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஹெல்முட்டின் ஊர்க் குழாய் செடி நாரில் நெய்தது. ஈரம் பட்டதும் அந்த நார் ஊதிக்கொண்டு தன் துளைகளைத் தானே அடைத்துவிடும். பட்டு அந்த அளவுக்கு ஊதாது. எந்தத் தீயணைப்புக்காரருக்கும் தெரிந்த விஷயம். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒழுகலைப் பார்த்தபோது ஒரு நொடி எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஹெல்முட் பம்பை நிறுத்தக் கையை நீட்டினான். அப்போதுதான் முனியம்மாவின் குரல் கேட்டது.

"நிறுத்தாதே. அத்த எடுத்து என் கூரை மேல போடுங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"எவ்ளோ நேரம் பாத்துக்கினு நிப்பீங்க? போடுங்கபா."

வேனின் மர ஏணியைக் கொண்டுவந்தார்கள். ஒழுகும் குழாயை ஆறு பேர் தூக்கி, கன்னியப்பன் வீட்டுக் கூரையின் முகட்டு மேல் நீளவாக்கில் கிடத்தினார்கள். மீதி பக்கத்து வீட்டுக் கூரைக்கும் போனது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஓலை ஓலையாக இறங்கி, கால் மணி நேரத்தில் இறவாரம் முழுவதும் சொட்டியது. ஒரு மூலை விடாமல். மறுமுனையின் ஒரே தாரையால் நாங்கள் நனைப்பதாக இருந்தால் இதற்கு ஆள் மாற்றி ஆள் ஓடியிருக்க வேண்டும்.

முனியம்மா உள்ளே போய் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வந்தாள். ஓலைக் கூரைச் சந்தில் எரிகிற கொள்ளியோடு ஒரு பெண் நடந்து வந்தால் யாராவது தடுத்திருக்க வேண்டும். யாரும் தடுக்கவில்லை, நானும்தான். அதை இடது கையில் உயர்த்தி இறவாரத்து ஓலையில் வைத்தாள். உஸ்ஸென்றது. புகைந்தது. பற்றவில்லை. நகர்ந்து போய் இன்னொரு இடத்தில் வைத்தாள். அங்கேயும் பற்றவில்லை. மூன்றாவது இடத்தில் கொள்ளியே அணைந்துவிட்டது.

அணைந்த கொள்ளியைக் கீழே போட்டுவிட்டு, ஒட்டிப்போன விரல்களைச் சொட்டும் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழவில்லை. கன்னியப்பன்தான் அழுதார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து மெல்ல, "இன்னா சொல்றீங்க மாப்பிள, தொழில் தெரிஞ்சவர் நீங்க" என்றார்.

இதைக் குழாய் என்று எந்தப் படையும் ஏற்காது என்றேன். வாங்கிவிடுங்கள் என்றேன்.

மறுநாள் ஹெல்முட் கிளம்பினான். பம்பு போனதில் வேனுக்குள் நிறைய இடம். பம்பு விற்ற பணம் பெட்ரோலுக்கு டெஹ்ரான் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தான். முனியம்மா அவனுக்கு ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். குளக்கரையைச் சுற்றிப் போகும்போது, யாரும் கேட்காமலே, நீல விளக்கைப் போட்டுக்கொண்டு போனான்.

அன்று மாலை எனக்குக் கடையில் புடவை எடுத்தோம். அரக்கு கிடைக்கவில்லை. மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்டது ஒன்றை ஏகாம்பரம் மடியிலிருந்து மடிக்கு மாற்றி மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நல்ல புடவைதான். என் மனைவி கேட்டது அதுவல்ல.

கடைசி நாள் காலை, பஸ்ஸுக்குப் புறப்படும் முன் சந்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். கிணற்றடியில் நான்கு கால் நட்டுப் புதிதாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் பம்பை வைத்திருந்தார்கள். பொட்டு, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகியிருந்தது. அரக்குக் குழாய் காய்ந்து, புடவைக் கடை மடிப்பில் மடித்து, எலி எட்டாத உயரத்தில் தொங்கியது. யார் எந்தக் கைப்பிடியைத் தூக்குவது, யார் ஏணி, யார் முகட்டில் ஏறுவது என்று ஏகாம்பரம் ஆள் பிரித்து முடித்திருந்தார். கொட்டகைச் சாவி முனியம்மாவிடம்.

அந்த ஊரில் கோயிலுக்கு ஒரு விளக்கு கொடுத்தாலும், ஓர் உண்டியல் கொடுத்தாலும், கொடுத்தவர் பெயரை 'உபயம்' என்று போட்டு அதன் மேலேயே எழுதிவிடுவார்கள். ட்யூப் லைட்டில் எழுத்து போக மீதி இடத்தில்தான் வெளிச்சம் வரும். சைன்போர்டு எழுதுகிறவர் ஒருவர் பம்பின் முன் குந்தி உட்கார்ந்து, அதன் சாம்பல் நிறத் தகட்டில் வெள்ளைப் பெயிண்டில் 'உபயம்: பினாங்கு' என்று எழுதிவிட்டுப் பிரஷைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

"பம்பு தெருவு வாங்குனது. கொழாய் உங்க பொண்ணோடது," என்றார் கன்னியப்பன். அவர் என்னிடம் நேராகப் பார்த்துப் பேசியது அப்போதுதான். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா எழுத வேணாம் சார்."

நான் பிரஷ்காரரைப் பார்த்தேன்.

"பேரு சொல்லுங்க சார்," என்றார் அவர்.

"மல்லிகா."

"செல்வியா, திருமதியா?"

"கல்யாணம் ஆவணியில்."

"அப்ப இன்னும் செல்விதான்."

"இந்தப் பெயிண்டு எவ்வளவு நாளைக்கு நிற்கும்?"

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "நல்ல பெயிண்டு சார். மழை வெயில் பட்டாலும் பத்து வருஷத்துக்கு அசையாது."

"அப்படியென்றால் திருமதி என்றே எழுதுங்கள்," என்றேன்.